மண்ணை ருசி பார்த்துச் செய்யும் கூஜா! தெரியுமா?

பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தில், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த கப்பல்கள் எதை இறக்கின தெரியுமா? குதிரைகளை! பாண்டிய நாடு உள்ளிட்ட பகுதிகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 பொன் தினார் என்று எழுதிவைத்திருக்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். நடுக்கடலில் செத்த குதிரைக்கும் காசு உண்டாம்!

குதிரை மட்டுமா? பாரசீகத்தின் உலோகக் கலையும் அபாரம்! 1163ல் ஹெராத் நகரில் ஒரு வெண்கல வாளி செய்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளியும் செம்பும் பதித்த வேலைப்பாடு. அதில் பொறித்த எழுத்துகளுக்கு மனிதத் தலை முளைத்திருக்கிறது! வார்த்தவர், அலங்கரித்தவர் இருவர் பெயரும் வாளியிலேயே இருக்கின்றன. இப்போது அது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில்!

அந்தக் கலை நம் பக்கம் வந்ததா? வந்ததே! கர்நாடகத்தின் பிதார் நகருக்கு! பாமினி சுல்தான்கள் காலத்தில் ஈரானியக் கைவினைஞர்கள் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அதுதான் பித்ரி! கூஜா, ஹூக்கா, பன்னீர்ச் செம்பு, வெற்றிலைப் பெட்டி... எல்லாமே கன்னங்கறுப்பு, மேலே பளீர் வெள்ளி!

முழுக்க இரும்பு என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! 16 பங்கு துத்தநாகம், 1 பங்கு செம்பு. வார்த்து எடுக்கும்போது வெறும் சாம்பல் நிறம்தான்!

கோடு தெரிய வேண்டுமே, என்ன செய்வார்கள்? மயில்துத்தக் கரைசலைத் தடவித் தற்காலிகமாகக் கறுப்பாக்குவார்கள். கூர்முனையால் பூவும் கொடியும் வரைந்து, உளியால் பள்ளம் வெட்டி, வெள்ளிக் கம்பியைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவார்கள். எல்லாம் கண் அளவு, கை அளவு!

அப்புறம்தான் மாயம்! பிதார் கோட்டையின் பழைய மண்ணோடு நவச்சாரம் கலந்து கொதிக்கவைத்து, சூடான பாத்திரத்தில் பூசுவார்கள். உலோகம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். வெள்ளி மட்டும் இந்தப் பூச்சில் கறுக்கவே கறுக்காது!

எந்த மண்ணும் ஆகுமா? ஆகாது! வெயிலும் மழையும் படாத இடத்து மண்தான் வேண்டும். சரியான மண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா? நாக்கில் வைத்து ருசி பார்த்து!

பித்ரிக்கு 2006ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023ல் பித்ரிக் கலைஞர் ஷா ரஷீத் அகமது காத்ரிக்குப் பத்மஸ்ரீ!

வீட்டில் பித்ரி இருக்கிறதா? புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும், கறுப்பு இன்னும் கறுக்கும்!