இளம் ஆட்டக்காரரின் பதம் அறிதல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி. சோற்றுக்குப் பொருந்தும் இம்முறை வளரும் இளைஞருக்கும் பொருந்துமோ என்னும் ஐயம் ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு அடிக்கடி எழுவதுண்டு. கனடாவிற் குடியேறிய நம் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் இங்கு வந்தபோது, அந்நாட்டவர் உயிரெனப் போற்றும் ஐஸ் ஹொக்கி விளையாட்டிற் கற்றுக்குட்டிகளை மதிப்பிடும் வகையை எனக்கு விளக்கினார். அதனை ஈண்டு சுருங்கக் கூறுவல்.

அமெரிக்காவிலும் கனடாவிலுமுள்ள 32 குழுக்களைக் கொண்டது தேசிய ஹொக்கி லீக். ஆண்டுதோறும் பதினெட்டு வயதளவினரான இளைஞரை இக்குழுக்கள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கின்றன. அவருள் உடனே பேரரங்கு ஏறுவோர் மிகச் சிலரே. ஏனையோருட் பலர் கல்லூரியிலோ இளையோர் குழுவிலோ ஆடியபின், 1936ஆம் ஆண்டு தோன்றிய அமெரிக்க ஹொக்கி லீக் என்னும் இரண்டாம் படியிற் பயில்வர். அங்குள்ள ஒவ்வொரு குழுவும் மேற்படியிலுள்ள ஒரு குழுவைச் சார்ந்தது. கோல் காப்போர் நீங்கலாக ஆட்டத்துக்கு இறங்கும் பதினெண்மருட் பதின்மூவரேனும் தொழில்முறை ஆட்டங்கள் குறைவாக ஆடியோராய் இருத்தல் வேண்டுமென்பது விதி. ஆதலால் அது வெற்றிக்களம் மட்டுமன்று, பயிற்சிக்களமும் ஆகும்.

அங்கு ஒருவன் அடித்த கோல்களையும், பிறர் கோலுக்குச் செய்த துணைகளையும் கூட்டிப் புள்ளி என்பர். புள்ளி ஒன்றையே நோக்குவோர் ஏமாறுவர். முதலில் வயதை நோக்கல் வேண்டும். இருபது வயதினன் பெற்ற நாற்பது புள்ளியும், இருபத்தெட்டு வயதினன் பெற்ற நாற்பது புள்ளியும் ஒன்றல்ல. அடுத்து, பயிற்றுநர் அவனை எவ்வளவு நேரம், எத்தகைய இக்கட்டிற் களமிறக்கினார், உடனாடியோர் எத்தகையர் என்பவற்றை வினாவல் வேண்டும். மூன்றாவதாக, முதலாண்டிலும் இரண்டாமாண்டில் அவன் வளர்ந்தனனா என ஒப்புநோக்கல் வேண்டும். தடுத்தாடுவோரும் கோல் காப்போரும் பெரும்பாலும் தாமதித்தே முதிர்வர் என்பதும் நினைவிலிருத்தற்பாலது.

டெற்றோயிற்றுக் குழுவினர், வாழைக்குலையைப் புகைபோட்டுப் பழுக்கவையாது மரத்திலேயே முற்றவிடுவாரைப் போன்றோர் எனப் பெயர் பெற்றவர். 2008ஆம் ஆண்டு 121ஆம் இடத்தில் அவர்கள் தெரிந்த சுவீடன் நாட்டு இளைஞர் குஸ்தாவ் நிக்குவிஸ்ற் என்பவர், மூன்றாண்டு மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஆடியபின், கிறான்ட் றப்பிட்ஸ் நகரிலுள்ள அவர்களது இரண்டாம்படிக் குழுவிற் பயின்றார். 2013இல் அக்குழு கால்டர் கிண்ணத்தை வென்றது. அடுத்த பருவத்தில் அவர் டெற்றோயிற்றுக்காக 57 ஆட்டங்களில் 28 கோல்கள் அடித்தார்.

ஜோடன் பின்னிங்ரன் என்னும் கோல் காப்பாளரின் கதை இன்னும் வியப்பானது. சென்ற் லூயிஸ் குழுவினர் 2011இல் அவரைத் தெரிந்தெடுத்தனர். பின்னர் ஒரு பருவம் வேறொரு குழுவின் பயிற்சியணிக்கு இரவலாகவும் அனுப்பினர். 2019 ஜனவரியிலேயே அவர் முதன்முதல் ஆட்டத் தொடக்கத்திலிருந்து கோல் காத்தார். ஓர் எதிர்க்கோலும் விடவில்லை. லீக்கின் கடைநிலையிற் கிடந்த அக்குழு, அவ்வாண்டு ஜூனில் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

காத்திருந்தோர் யாவரும் வென்றனர் எனக் கொள்ளற்க. பல்லோர் இரண்டாம் படியிலேயே ஆடி ஓய்கின்றனர். கீழ்ப்படியிற் கற்கவேண்டியதைக் கற்றுமுடித்தவனை மேலும் அங்கு நிறுத்திவைப்பின் ஊக்கங் குன்றும். எனவே பொறுமை என்பது வாளாவிருத்தலன்று; இடைவிடாது நோக்கியிருத்தலே.

ஆசிரியனாகிய யான் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், ஒரு தவணைப் புள்ளிகளை மட்டும் நோக்கி, ஒரு மாணவனின் தேர்ச்சி அறிக்கையில் “முன்னேற இடமில்லை” என எழுதினேன். அவன் அவ்வாண்டே படிப்பை நிறுத்தினான். அவன் வயதையோ, வீட்டு நிலையையோ, முந்திய தவணையிலும் அவன் சற்றே உயர்ந்திருந்தமையையோ யான் நோக்கவில்லை. பின்னர் எத்தனையோ அறிக்கைகள் எழுதினேன். அத்தொடரை மட்டும் மீண்டும் எழுதியதில்லை.

அன்பர்களே, பதம் பார்ப்போம். ஆயின் உலை கொதிக்குமுன் பாராதிருப்போம்.