மின்கணக்கு எடுக்க வருபவர்

முதியோர் மட்டும் வீட்டிலிருக்கும் நண்பகலில், மின்மானியைப் பார்க்க ஒருவர் வந்து நிற்கிறார். உள்ளே விடலாமா என்று நாம் தயங்குகிறோம். இதற்கு 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 163ஆம் பிரிவில் விடை கூறுகிறது. அதிகாரம் பெற்றவர் தகுந்த நேரத்தில், வீட்டாருக்குத் தெரிவித்து, உள்ளே வரலாம். நாம் மறுத்தால், எழுத்து மூலம் அறிவித்து, 24 மணி நேரம் கழிந்தபின் மின்சாரத்தை நிறுத்தலாம்.

எனினும், 'அதிகாரம் பெற்றவர்' என்ற சொற்களே நமக்கும் காப்பாகும். ஆதலின் அடையாள அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. அட்டையைப் பார்த்தபின் உடன் சென்று, அவர் குறிக்கும் எண்ணை நாமும் குறித்துக் கொள்வோம். அதிலிருந்து முந்திய எண்ணைக் கழித்தால் நாம் செலவிட்ட யூனிட்டுகள் தெரியும். கணக்கும் சரியாகும், ஐயமும் அகலும்.