‘மலேசிய ஓக்’ மேசை பளபளக்க…

தீபாவளி நெருங்கினால் பழைய மேசைக்கும் அலமாரிக்கும் புதிதாக லேக்கர் அடிக்கும் வேலை மலாக்கா வீடுகளிலும் தொடங்கிவிடும். மாலையானால் இடியும் மழையுமாக இருக்கும் காலமும் அதுதான். அடித்த சில நிமிடங்களில் பலகை பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். ‘மட்டமான லேக்கர்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் தவறு அவருடையது அல்ல.

முதலில் மரத்தைப் பார்ப்போம். ‘மலேசிய ஓக்’ என்ற பெயரில் விற்கப்படுவது ஓக்கே அல்ல. நம் ரப்பர் மரம்தான். 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது பாலுக்காக. 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்பட்ட மரங்கள் அடுப்புக்கும், ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக் கொட்டகைக்கும் விறகாயின. இன்று அதே மரம், மாநில எல்லையைத் தாண்டினால் வரும் மூவார் பட்டறைகளில் நாற்காலியாகி வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுகிறது.

ஓக், ரப்பர் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பலகையை உற்றுப் பார்த்தால் ஊசியால் கீறியதுபோல் சிறு பள்ளங்கள் தெரியும். அவை பால் ஓடிய வழி அல்ல. பால் பட்டையில்தான் ஓடும் என்பது மரம் சீவியவர்களுக்குத் தெரியும். வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய குழாய்கள் அறுபட்டுத் திறந்து கிடக்கின்றன. மேற்பரப்பு சமமாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பும். நம் கண்ணுக்கு அதுவே பளபளப்பு. பள்ளங்களில் பட்ட ஒளி சிதறுவதால் மங்கலாகத் தெரிகிறது. பூச்சை மேலும் மேலும் ஏற்றினாலும், காயும்போது அது பள்ளத்துக்குள் அமிழ்ந்துவிடும்.

ஆகவே பள்ளத்தை முதலில் அடைக்க வேண்டும். 120, 180, 240 எண் உப்புத்தாள்களால் வரிசையாக, மர இழையின் போக்கிலேயே தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்தபின் அவற்றையும் லேசாகத் தேய்த்துவிடலாம். பிறகு மர ஃபில்லரை இழைக்குக் குறுக்காக அழுத்தித் தேய்த்து, மிஞ்சியதைச் சாக்குத்துணியால் வழித்தெடுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அதன்பின் சீலர், 320 உப்புத்தாள், பல மெல்லிய பூச்சுகள்.

இனி, அந்த வெள்ளைப் படலம். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பைக் குளிர வைக்கிறது, கையில் பட்ட ஸ்பிரிட் சில்லிடுவதைப் போல. ஈரக்காற்றிலுள்ள நீராவி அந்தக் குளிர்ச்சியில் துளிகளாகி, காயாத படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை வரும் மாலையை விட்டுவிட்டு, வெயில் ஏறிய நேரத்தில் அடியுங்கள். முடியாவிட்டால், மெதுவாக ஆவியாகும் ‘ரிட்டார்டர்’ தின்னரைச் சிறிதளவு கலக்கலாம். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? சுரண்ட வேண்டாம். வறண்ட நாளில் அதே ரிட்டார்டரை மெலிதாகத் தெளித்தால் படலம் சற்று இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் சாமி விளக்கு எரியும் அறையில் இந்த வேலை கூடவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதைத் தின்ன வரும் சிறு வண்டுகள் முட்டையிடுவது இதே குழாய்த் துளைகளில்தான். அதனால்தான் அறுத்த பலகையை ஆலைகளில் உடனே போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்துகிறார்கள். பதப்படுத்தாத பலகை உள்ளே உளுத்து, ஊசித்துளை வழியாக மாவாகக் கொட்டும். மேலே கண்ணாடிபோல் மின்னினாலும் பயனில்லை. வேலை தொடங்கும் முன் மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். துளையோ மாவோ இல்லையென்றால், யாரும் பார்க்காத அந்த அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். பலகை ஒரு பக்கமாக ஈரம் குடித்து வளைவதையும் அது குறைக்கும்.