பிரேக் பெடல் அமுங்கினால்: வீட்டிலேயே எயார் எடுக்கும் முறை

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நானுஓயா, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 1,200 மீற்றருக்கு இறங்கிவிடுகிறோம். நாலு பேர் ஏறிய ஒரு சின்னக் கார் இந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், சக்கரங்களில் உண்டாகும் சூடு 15 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல பகுதியில் பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதி 7 பேர் இறந்த பிறகு, எங்கள் பக்கத்தில் பிரேக்கைப் பற்றிப் பேசாத சாரதி இல்லை. ஆனால் பேச்சில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். பெரிய பஸ், லொறிகளில் பிரேக்கை இயக்குவதே அழுத்தப்பட்ட காற்றுதான். காரில் அப்படியில்லை. அங்கே வேலை செய்வது பிரேக் ஒயில். அதற்குள் காற்று புகுந்தால்தான் ஆபத்து.

திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது. காலின் அழுத்தம் அப்படியே நாலு சக்கரத்துக்கும் போய்ச் சேரும். காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால், மிதிக்கிற மிதியில் பாதி அதை நசுக்கவே செலவாகிவிடும். பெடல் பஞ்சு போல அமுங்குவதும், இரண்டு மூன்று தடவை அடித்த பிறகு பிடிப்பதும் இதனால்தான்.

மலைநாட்டில் இன்னொரு வகையும் உண்டு. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும். அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஆவி அடங்கி, எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். இதை நம்பி மறுபடி இறங்குவதுதான் பயங்கரம். இதற்கு எயார் எடுத்தால் மட்டும் போதாது, ஒயிலையே மாற்ற வேண்டும்.

என் பழைய மாருதி 800க்கு நானே எயார் எடுக்கிறேன். தேவை: அளவான ஸ்பேனர், உள்ளே தெரிகிற மெல்லிய குழாய், ஒரு போத்தல், மூடி திறக்காத புது ஒயில், பெடல் மிதிக்க ஒரு ஆள். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில வண்டிகளில் வரிசை மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிளில் குழாயைச் செருகி, மறுமுனையைப் போத்தலிலுள்ள ஒயிலுக்குள் அமிழ்த்துங்கள். பெடலில் உட்காருவது என் அண்ணன் மகன். நான் "மிதி" என்றால் மெதுவாக மிதித்துப் பிடிப்பான். நான் நிப்பிளைத் திறப்பேன். "கீழ போயிருச்சு சித்தப்பா" என்பான். மூடிவிட்டு "விடு" என்பேன். மூடும் முன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கும். மொத்த வித்தையும் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. குமிழி நின்று, தெளிந்த ஒயில் வரும்வரை தொடர வேண்டும். நடுவே டாங்கியில் ஒயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகக்கூடாது; போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய வண்டியென்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் பெடல் போனால், உள்ளே துருப்பிடித்த இடத்தில் ரப்பர் சீல் கிழியலாம். அவசரத்துக்கு என்ஜின் ஒயில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சீல்களை ஊதவைத்து பிரேக்கையே கெடுத்துவிடும். ஏபிஎஸ் உள்ள கார்களில் காற்று அந்தப் பகுதிக்குள் மாட்டினால் கணினிக் கருவி வேண்டியிருக்கும்; அதைக் கராஜுக்கு விட்டுவிடலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. காற்று தானாக உள்ளே வராது. குழாயைக் கழற்றி வேலை செய்யாமலே எயார் பிடித்திருந்தால், எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது ஒயில் குறைய விட்டிருக்கிறோம். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமா, டாங்கியில் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். எயார் எடுத்து ஒரு வாரத்தில் பெடல் மறுபடி அமுங்கினால் வண்டியை ரோட்டில் எடுக்காமல் பாஸைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் என்ஜினை ஸ்டார்ட் செய்து பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கக்கூடாது. பிறகு சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டே இறக்கத்துக்குப் போக வேண்டும். வண்டியின் பெயின்டில் சிந்திய ஒயிலை உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். போத்தலில் சேர்ந்த பழைய ஒயிலைக் கானில் ஊற்றாமல் மூடி, கராஜில் கொடுத்துவிடுங்கள். நம் லயங்களில் பலர் இன்றும் பீலித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.