வேரைப் பிடித்தால் சொல் வசப்படும்



சில வருடங்களுக்கு முன் எனது மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி தோன்றியது. பரிசோதனை றிப்போர்ட் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வந்தது. டொக்டரைக் காண்பதற்குத் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். அதிலே 'டியூமர்' என்ற சொல்லுக்கு முன்னால் 'பினைன்' என்றொரு சொல். அரபுக் கலாசாலையில் ஏழு வருடம் ஓதிய எனக்கு அதன் பொருள் தெரியவில்லை. பெரும் நோயின் பெயரென்றே இருவரும் எண்ணிவிட்டோம். இரண்டு இரவுகள் வீட்டில் எவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மாலை என் தங்கையின் மகள் வந்தாள். ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்தவள். றிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நல்ல செய்திதானே! புற்றுநோய் இல்லாத கட்டி என்றுதான் போட்டிருக்கு" என்றாள். அல்ஹம்துலில்லாஹ்! மறுநாள் டொக்டரும் அதையே சொன்னார். ஒரு சொல்லை அறியாததால் இரண்டு நாள் அழுதோம்.

அன்றுதான் இந்த வயதிலும் ஆங்கிலச் சொற்களைக் கற்க வேண்டுமென்று தீர்மானித்தேன். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும், அவர் அரை மாதத்தில் கற்றுக் கொண்டதையும் திர்மிதியில் காண்கிறோம். தேவையான மொழியைக் கற்பதில் வெட்கம் எதற்கு?

மத்ரஸாவில் கற்ற வழி

சகோதரிகளே, மத்ரஸாவில் நாம் ஓதியதை நினைத்துப் பாருங்கள். காஃப், தா, பா என்ற மூன்று எழுத்திலிருந்து கிதாப், காதிப், மக்தப், மக்தூப் எனச் சொற்கள் கிளைக்கின்றன. வேர் தெரிந்தவருக்குக் குடும்பமே தெரியும். ஆங்கிலத்தின் கடினமான சொற்களிற் பலவும் இவ்வாறுதான். அவற்றின் வேர் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் இருக்கிறது.

'ஸ்கிரிப்ட்' என்றால் எழுத்து. வைத்தியர் எழுதித் தரும் மருந்துத் துண்டு 'பிரிஸ்கிரிப்ஷன்'. கையால் எழுதிய பிரதி 'மெனுஸ்கிரிப்ட்'. 'மெனு' என்பது கை. கல்வெட்டு 'இன்ஸ்கிரிப்ஷன்'. சஞ்சிகைச் சந்தா 'சப்ஸ்கிரிப்ஷன்'. தாளின் கீழே பெயரெழுதி ஒப்புக் கொள்வதால் வந்த பெயர்.

'பெனே' என்றால் நன்மை, 'மால்' என்றால் தீமை. எங்களை அழவைத்த 'பினைன்' நன்மையின் குடும்பம். அதன் எதிர்ச்சொல்லான 'மலிக்னன்ட்' தீமையின் குடும்பம். வங்கிப் படிவத்திலுள்ள 'பெனிஃபிஷியரி' பயன்பெறுபவர். 'மல்நியூட்றிஷன்' என்பது போஷாக்கின்மை. 'பெனவலன்ட்' பிறர் நலம் நாடும் குணம். 'மலெவலன்ட்' பிறர் கேடு நாடும் குணம்.

நம் சொற்களும் அங்கே உண்டு

'அல்ஜிப்ரா' என்பது 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள 'அல்ஜப்ர்'. முறிந்ததைப் பொருத்துதல் என்று அதற்குப் பொருள். 'அல்கோரிதம்' அவருடைய பெயரிலிருந்தே பிறந்தது. கட்டணத்தைக் குறிக்கும் 'டாரிஃப்' நமது 'தஃரீஃப்', அதாவது அறிவித்தல். 'சைஃபர்', 'ஸீரோ' இரண்டும் 'ஸிஃப்ர்' என்பதன் பிள்ளைகள். 'மகஸின்' பண்டகசாலையைக் குறிக்கும் 'மக்ஸன்' என்பதிலிருந்து வந்தது.

ஓர் எச்சரிக்கை. 'பென்' என்று தொடங்குவதெல்லாம் நன்மையல்ல. 'பென்சீன்' என்ற சொல்லின் மூலம் 'லுபான் ஜாவி' என்ற அரபுப் பெயர். நம் வீடுகளில் புகைக்கும் சாம்பிராணிதான் அது! எனவே வேரைக் கொண்டு ஊகித்தபின் அகராதியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். நோய் பற்றிய சொல்லென்றால் டொக்டரிடமே விளக்கம் கேளுங்கள்.

நாளுக்கு மூன்று சொல்

ஒரு கொப்பியை எடுத்து நான்கு கோடு கிழியுங்கள்: சொல், வேர், தமிழ்ப் பொருள், நீங்களே அமைத்த ஒரு வசனம். நாளுக்கு மூன்று சொல் போதும். மருந்துப் பெட்டி, மின்சாரப் பட்டியல், பிள்ளையின் பாடப் புத்தகம், எல்லாவற்றிலும் சொற்கள் இருக்கின்றன. ஹிஃப்ழ் ஓதும் பிள்ளை பழைய பாடத்தைத் திருப்புவது போல, மறுநாளும் அடுத்த வாரமும் அடுத்த மாதமும் திருப்பிப் பாருங்கள். திருப்பாத பாடம் தங்காது. உச்சரிப்பைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். உம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை தானும் மறக்காது.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு கொப்பி இருக்கிறது. என் மனைவியுடையது. அதன் முதற் சொல் 'பினைன்'.