எக்ஸ்-ரேயில் தெரியாத வலி



கண்டமங்கலத்தில் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளை, "கொஞ்ச தூரத்தில் கால் இறுகுகிறது ஐயா, நின்றால் விட்டுவிடுகிறது" என்றால் சோம்பல் என்று தள்ளிவிடாதிருங்கள்.

அமெரிக்க வீராங்கனை மேரி டெக்கர் சில ஆண்டுகள் இப்படித் தவித்தார். 1977இல் நியூசிலாந்து வீரர் டிக் குவாக்ஸ்தான், தமக்கும் இருந்த நோய் இது என்று அடையாளம் கண்டார். மருத்துவர் அல்ல, ஓட்டக்காரர்!

காலின் தசைகளைச் சுற்றி நாருறை உண்டு. ஓடும்போது இரத்தம் பாய்ந்து தசை பருக்கும். உறையோ விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி வலிக்கும். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இராது. ஓடவைத்து ஊசி மூலம் அழுத்தம் அளப்பார்கள். ஓடி முடித்த ஒரு நிமிடத்தில் 30 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்நோய் என்பார்கள்.

உறையைக் கீறிவிடும் அறுவைக்குப்பின் மேரி 1983இல் ஹெல்சிங்கியில் 1500, 3000 மீட்டர் இரண்டிலும் உலகத் தங்கம் பெற்றார்.

வலி எத்தனை தூரத்தில் வருகிறது, எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது என்று பிள்ளைகளைக் குறித்துவரச் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.