ஹெல்மெட்டுக்குள் ஹெட்செட்: காது வலிக்காமல் பொருத்துவது எப்படி?



வங்கிக்கும் வட்டார அலுவலகத்துக்கும் ஸ்கூட்டியில் போய்வரும் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் இப்போது நிறையப் பேர். மாவு, துணி, பால் என்று வண்டியிலேயே வியாபாரம் பார்க்கிறவர்களும் உண்டு. போன் வந்துகொண்டே இருக்கும். எடுக்காவிட்டால் ஆர்டர் போச்சு! அதனால் செல்போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு போகிறோம்.

இந்தப் பழக்கம் வேண்டாங்க. கீழே விழுந்தால் அடியைத் தாங்குவது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல்தான். நடுவில் செல்போன் இருந்தால் அந்த அடி போன் வழியாக நேராகக் கன்ன எலும்பில் இறங்கும். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசினால், 2019 சட்டத் திருத்தப்படி முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறைக்கும் இடமுண்டு. "கையில பிடிக்கலையே" என்று போலீஸிடம் வாதாடலாம், எதிரே வரும் லாரியிடம் வாதாட முடியாது.

பேசியே ஆகணும் என்றால் ஹெல்மெட்டுக்கென்றே புளூடூத் ஹெட்செட் கிடைக்கிறது. வில்லை மாதிரி இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், வெளியே மாட்டும் சின்னப் பெட்டி, அவ்வளவுதான். பலர் வாங்கிய ஒரு வாரத்தில் "காது வலிக்குது" என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் பொருளில் இல்லை, பொருத்திய இடத்தில்.

கன்னத்துப் பஞ்சுத் திண்டை மெதுவாக இழுத்தால் டிச் பட்டன் விட்டு வந்துவிடும். பல ஹெல்மெட்டுகளில் காது இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். ஸ்பீக்கர் அதற்குள் அமுங்கி உட்கார வேண்டும். பள்ளம் இல்லையே என்று கத்தியால் தெர்மாகோலைச் சுரண்டவே கூடாது. சுரண்டிய இடத்தில் அடி தாங்காது. அந்த ஹெல்மெட்டில் ஹெட்செட் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

காதுக்கு நேர் இடம் எது? குங்குமத்தை ஈரமாகக் குழைத்துக் காது மடலில் லேசாகத் தொட்டு, ஹெல்மெட்டை நேராக மாட்டிக் கழற்றுங்கள். உள்ளே அடையாளம் விழுந்திருக்கும். அதன் நடுவில் ஸ்பீக்கரை ஒட்டுங்கள். நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் முன்னால்தான் அந்த இடம் வரும். ஸ்பீக்கர் காதைத் தொடக் கூடாது, ரொம்பத் தள்ளியும் போகக் கூடாது. தள்ளிப் போனால் சத்தத்தைக் கூட்டுவோம், பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்காது. ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் போதும் என்பது என் கருத்து.

நமக்கென்று இன்னொரு சிக்கல், தோடு. ஜிமிக்கியும் மாட்டலும் ஹெல்மெட்டுக்குள் ஆகாது. சின்னத் தோடுகூடத் திருகாணி நீளமாக இருந்தால் பத்து நிமிடத்தில் காதின் பின்புறம் குத்தும். பழியெல்லாம் ஸ்பீக்கர் மேல் விழும்! உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் முன்னால் சரிந்து ஸ்பீக்கரும் இடம் மாறும். தாழ்வாகப் பின்னல் போடுங்கள்.

ஒயரைத் துணிக்கும் தெர்மாகோலுக்கும் இடையில் மடிப்பில்லாமல் விடுங்கள். மைக் வாயோரம் வரட்டும். அதன் பஞ்சு உறையைக் கழற்றினால் எதிராளிக்கு வெறும் காற்று இரைச்சல்தான் கேட்கும். பெட்டியை இடது பக்கம் மாட்டுங்கள், வலது கை ஆக்ஸிலேட்டரில் இருக்கும். ஸ்க்ரூ போட ஹெல்மெட்டில் ஓட்டை போடாதீர்கள்.

பிறகு வீட்டு வேலை பார்த்துக்கொண்டே 20 நிமிடம் போட்டுப் பாருங்கள். எங்கே அழுத்துகிறதோ அங்கே அரை விரல் நகர்த்துங்கள். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாகச் சுழலக் கூடாது. தாடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் சரி.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். முத்திரை இல்லாததை விற்பது 2021 ஜூன் முதல் குற்றம். ஒருமுறை பலமாக விழுந்த ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீர்கள். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். ஹெட்செட்டைக் கழற்றிப் புது ஹெல்மெட்டில் மாட்டிக்கொள்ளலாம், அந்தச் செலவு மிச்சம்.